பழைய பொறியும் நியாய விலையும்

விலை என்பது ஓர் எண். நியாயம் என்பது ஓர் அறம். எண்ணும் அறமும் சந்திக்கும் இடங்களுள் மிகவும் சிக்கலானது பழம்பொருள் விற்பனையாகும். புதிய பொருளுக்கு ஆக்கியோன் குறித்த விலையுண்டு. அரிசி, மா, சீனி போன்றவற்றிற்குப் பலர் நாள்தோறும் வாங்கி விற்பதனால் உருவாகும் சந்தை விலையுண்டு. இருபது முப்பது ஆண்டுகள் உழைத்த ஒரு தச்சுப் பொறிக்கோ இவ்விரண்டுமில்லை. ஒரே ஆலையில் ஒரே நாளில் ஆக்கப்பட்ட இரு பொறிகளுள் ஒன்று எண்ணெயிட்டுப் பேணப்பட்டிருக்கும்; மற்றொன்று கூரை ஒழுகும் கொட்டிலிற் கிடந்து துருவேறியிருக்கும். எனவே ஒவ்வொரு பழைய பொறியும் ஒப்பாரில்லாத தனிப்பொருளாகி விடுகின்றது. அதன் விலையைச் சந்தை சொல்வதில்லை. இரு மனிதர் தம்முட் பேசியே காணவேண்டியுள்ளது. அவ்விருவரும் சமமானவரல்லர் என்பதே இங்கு எழும் அறவியற் பிரச்சினையாகும்.

யாழ்ப்பாணத்துச் சிற்றூர் ஒன்றிலே தச்சுப் பட்டறை நடத்தியவர் ஒருவர் இறந்துவிட்டார் எனக் கொள்க. பட்டறையில் அவர் விட்டுச் சென்ற மரம் சீவும் பொறியொன்று உண்டு. அவருடைய மனைவி அதனை விற்க விரும்புகின்றார். வாங்க வருபவர் கணவரோடு பழகிய மற்றொரு தச்சர். "தம்பி, எனக்கு இதைப்பற்றி ஒன்றும் தெரியாது. நீங்களே ஒரு விலையைச் சொல்லுங்கோ" என்கின்றார் அந்த அம்மையார். தச்சருக்கோ விடயம் தெரியும். அப்பொறியைத் திருத்தி விற்றால் 4 இலட்சம் ரூபா பெறலாம். 1 இலட்சம் ரூபா என்றாலும் அம்மையார் மறுக்கப் போவதில்லை. அவர் சொல்லவேண்டிய விலை யாது?

இவ்வினாவுக்கு விடை காணுமுன், தச்சருக்குத் தெரிந்ததும் அம்மையாருக்குத் தெரியாததும் எவையென நோக்குதல் வேண்டும். பழைய பொறியின் தோற்றம் இரு வகையாலும் ஏமாற்றவல்லது. மேற்பரப்பிற் படிந்த துரு பார்ப்பதற்கு அருவருப்பாயிருப்பினும் தேய்த்து அகற்றத் தக்கது. வார்ப்பிரும்பு உடலில் ஓடும் மயிரிழை போன்ற வெடிப்போ புதிய வர்ணப் பூச்சின் கீழ் மறைந்திருந்து பொறியையே பயனற்றதாக்கிவிடும். வார்ப்பிரும்பை ஒட்டுதல் எளிதன்று. அறிந்தவன் மேசையின்மீது நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து அது தட்டையாயுள்ளதா எனப் பார்ப்பான்; அலகு பூட்டிய தண்டினைக் கையாற் பிடித்து அசைத்து ஆட்டமுள்ளதா என அறிவான்; பொறியை ஓடவிட்டுப் பெயாரிங்கின் ஒலியைக் கேட்பான்; அலகுகள் இன்னும் எத்தனை முறை தீட்டத்தக்கன எனக் கணிப்பான்; மோட்டருக்கு மூன்று அவத்தை மின்னிணைப்பு வேண்டுமாயின், தன் பட்டறையில் அது உண்டா என்பதையும் எண்ணுவான். இவ்வறிவனைத்தும் பேரத்தின்போது ஒரு பக்கத்திலேயே குவிந்து கிடக்கின்றது.

நியாய விலைக்கு அளவுகோலாக மூன்று பொதுவாகக் கூறப்படும். முதலாவது, வாங்கிய விலை. கணவர் அன்று கொடுத்த பணத்திலிருந்து தேய்மானத்தைக் கழித்தால் விலை வந்துவிடும் என்பர். ஆனால் நாணயத்தின் பெறுமதியே நிலையற்றதாக இருக்கும் நாட்டில் இக்கணக்குப் பொருந்தாது. 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்தது. மே மாதத்தில் அது ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. பொறியில் ஓர் ஆணியேனும் மாறவில்லை. ஆயினும் அதற்கீடான புதிய பொறியொன்றை இறக்குமதி செய்யும் செலவு மிக உயர்ந்துவிட்டது. இரண்டாவது அளவுகோல் உழைப்பு. கார்ல் மார்க்ஸ் பொறியின் பெறுமதியை அதனை ஆக்குவதற்கு அன்று செலவான உழைப்பைக் கொண்டன்றி, இன்று அதேபோன்ற ஒன்றை ஆக்கச் சமூகத்திற்குத் தேவைப்படும் உழைப்பைக் கொண்டே மதிப்பிட்டார். சிறந்ததோ மலிவானதோ ஆன புதிய பொறி தோன்றும்போது பழையது உடையாமலே பெறுமதி இழக்கின்றது என்றும் அவர் விளக்கினார். இது பழைய விலையைப் பற்றிக்கொள்வோர்க்கு நல்ல மறுப்பாகும். ஆனால் குறித்த இந்தப் பொறியின் தேய்வு எவ்வளவு என்பதை அது சொல்லாது. மூன்றாவது அளவுகோல், வாங்குவோனுக்குள்ள பயன். அவசர வேலையொன்றை ஏற்றுக்கொண்டு நிற்பவன் இரட்டிப்பு விலையும் கொடுப்பான். அவனது அவசரம் பொறியின் குணமன்று என்பது தெளிவு.

இவ்விறுதிக் கருத்தை 13 ஆம் நூற்றாண்டிலேயே தோமஸ் அக்குவைனாஸ் நுணுகி ஆராய்ந்தார். விற்பவனுக்கு அப்பொருளை இழப்பதால் தனிப்பட்ட நட்டம் ஏற்படுமாயின் அதற்காக விலையை உயர்த்தலாம். ஏனெனில் அந்நட்டம் அவனுடையது. வாங்குவோனுக்குள்ள தனித்தேவையைக் காட்டி உயர்த்தல் ஆகாது. ஏனெனில் தனக்குரியதல்லாத ஒன்றை எவரும் விற்க முடியாது. இந்நியாயத்தைத் திருப்பிப் பார்த்தால் அதன் ஆழம் விளங்கும். விற்பவனின் தேவையும் வாங்குவோனுக்குரிய சொத்தன்று. அம்மையாருக்குப் பிள்ளையின் படிப்புச் செலவுக்கு நாளையே பணம் வேண்டியிருக்கலாம். அந்த நெருக்கடி பொறியின் பெறுமதியைக் குறைப்பதில்லை; அதனைக் காரணமாக வைத்து விலையைக் குறைப்பவன் பொறியோடு சேர்த்து அவரது இடுக்கண்ணையும் வாங்கி இலாபமீட்டுகின்றான்.

ஆயினும் அறியாமை பற்றிய வினா இதனினும் கடினமானது. உரோம அறிஞர் சிசரோ இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினார். றோட்ஸ் தீவிலே பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து வணிகனொருவன் தானியத்துடன் வருகின்றான். பின்னால் வேறு கப்பல்களும் வருகின்றன என்பது அவனுக்கு மட்டும் தெரியும். அதனை அவன் சொல்லவேண்டுமா? சட்டம் விதித்த அளவுக்குக் குறைகளைச் சொன்னாற் போதும், மற்றவற்றில் மௌனம் வஞ்சனையாகாது என ஸ்தோயிக்கரான டயோஜெனிஸ் வாதிட்டதாகவும், வாங்குவோனுக்கு எதுவும் மறைக்கப்படலாகாது என அவருடைய மாணாக்கர் அந்திப்பாத்தர் மறுத்ததாகவும் சிசரோ எழுதுகின்றார். சிசரோவின் தீர்ப்பு மாணாக்கரின் பக்கமே சார்ந்தது.

டயோஜெனிஸின் கட்சிக்கும் வலுவான நியாயமுண்டு என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். தச்சரின் அறிவு வானத்திலிருந்து விழுந்ததன்று. ஒலியைக் கேட்டுப் பெயாரிங்கின் நிலையை அறிவதற்கு அவர் பல ஆண்டுகள் மரத்தூளைச் சுவாசித்திருக்கின்றார். அவ்வறிவுக்குப் பயனே இல்லையெனின் எவரும் அதனைத் தேடார். பழைய பொறிகளும் பழைய இரும்பாய் நிறுத்து விற்கப்படும். மறுபுறம், அறிவு ஒரு பக்கத்தில் மறைந்திருப்பதன் தீமையை 1970 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் அக்கர்லொவ் பழைய மோட்டர் வாகனங்களை வைத்து நிறுவினார். நல்லதையும் பழுதானதையும் வாங்குவோர் பிரித்தறிய இயலாதவிடத்து, அவர்கள் இரண்டுக்கும் சராசரி விலையே தருவர். நல்லதை வைத்திருப்போர் விற்க மறுப்பர். ஈற்றில் பழுதானவையே சந்தையில் எஞ்சும். ஆகவே உண்மையை மறைத்தல் ஒருவரை மட்டுமன்றி அத்தொழில் முழுவதையும் பாதிக்கின்றது. அக்கர்லொவ் நோக்கியது விற்பவன் அறிந்து வாங்குபவன் அறியாத நிலையை; இங்கு நிலைமை தலைகீழாயினும் விளைவு ஒன்றே. ஒருமுறை ஏமாற்றப்பட்ட குடும்பத்தைக் கண்ட அயலார் அடுத்த முறை எந்தத் தச்சரையும் நம்பார்.

இவ்விரு நியாயங்களையும் இணைக்கும் வழி, அறிவின் இரு பயன்களை வேறுபடுத்துவதாகும். அறிவைக் கொண்டு உழைத்துப் பெறும் ஊதியம் ஒன்று. அறிவை மறைத்துப் பெறும் ஊதியம் மற்றொன்று. தச்சர் பொறியைத் தேடிவந்தார். ஏற்றிச் செல்லவும், பெயாரிங்கும் அலகும் மாற்றவும் 60,000 ரூபா செலவிடுவார். அவரது உழைப்பு, முடங்கும் பணம், உள்ளே காணாத பழுது இருக்கக்கூடிய அபாயம் ஆகியவற்றிற்கு 50,000 ரூபா எனக் கொள்வோமாயின், 4 இலட்சத்தில் எஞ்சுவது 2 இலட்சத்து 90,000 ரூபா. கணிப்புகள் சற்று முன்பின்னாகலாம். எனவே 2 இலட்சத்து 70,000 தொடக்கம் 3 இலட்சத்து 10,000 வரையான எவ்விலையும் நியாயமானதே. நியாய விலை புள்ளியன்று, ஒரு வீச்சு. அவ்வீச்சுக்குள்ளே பேரம் பேசுதல் குற்றமாகாது. அதற்கு வெளியே 1 இலட்சத்துக்கு வாங்குவாராயின், மிகுதி அவரது உழைப்பின் கூலியன்று. அம்மையாரின் அறியாமையின் விலையாகும்.

சட்டம் இதனை எவ்வளவு தூரம் தடுக்கும்? உரோம சட்டத்தில் நிலவிற்பனை பற்றி எழுந்த விதியொன்று, நியாய விலையின் அரைவாசிக்கும் குறைவாக விற்றவன் அவ்விற்பனையைத் தள்ளுபடி செய்யக் கோரலாம் என்றது. உரோம-டச்சுச் சட்டத்தின் வழியே அக்கோட்பாடு இலங்கைச் சட்டத்திலும் இடம்பெற்றது. தென்னாபிரிக்கா 1952 இல் அதனை நீக்கிவிட்டது. அவ்வளவுகோலைப் பொறிக்குப் பொருத்திப் பார்க்கின், 1 இலட்சம் அரைவாசிக்குக் கீழ்ப்படும். 1 இலட்சத்து 60,000 தப்பிவிடும். ஆனால் அறத்தின் நோக்கில் இரண்டும் ஓரினமே. சட்டம் பெருங்கொடுமையைத் தடுக்கும் வேலி. வேலிக்குள்ளே நடப்பதனைத்தும் நேர்மையென்று அது சான்று வழங்குவதில்லை.

இங்கு அம்மையார் சொன்ன சொல்லை மீண்டும் நினைவுகூரல் வேண்டும். அவர் விலை கூறவில்லை. "நீங்களே சொல்லுங்கோ" என்றார். சந்தையில் இரு வணிகர் எதிரெதிரே நின்று பேசுவது வேறு. ஒருவர் மற்றவரிடம் தீர்ப்பை ஒப்படைப்பது வேறு. அச்சொல் வந்த கணமே தச்சர் வாங்குவோர் மட்டுமல்லர், நடுவருமாகின்றார். தன் வழக்கிற்குத் தானே நடுவனாக இருப்பவன் ஏனையோரினும் கூடுதலான நேர்மைக்குக் கடமைப்பட்டவன். அவ்வாறு இருக்க விரும்பாவிடின் அவருக்கு வழியுண்டு: "நான் வாங்க வந்தவன், வேறொருவரிடமும் கேட்டுப் பாருங்கோ" எனக் கூறி விலகலாம். நடுவரின் நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டு வணிகனின் சாதுரியத்தைப் பயன்படுத்துவதே தகாதது. வள்ளுவர் வணிகரைப் பற்றிய குறளைப் பொருட்பாலில் வைக்காது, அறத்துப்பாலின் நடுவுநிலைமை அதிகாரத்தில், துலாக்கோலை உவமித்த குறளின் அண்மையில் வைத்தமை இவ்வகையில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிறர் பொருளைத் தன் பொருள்போற் பேணுதல் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் ஒருங்கே விதிக்கப்பட்ட நடுவுநிலையாகும்.

இன்னொன்றும் எஞ்சியுள்ளது. எந்த விலையாலும் நியாயமாக்க முடியாத விற்பனைகளும் உள. கையால் மரத்தைத் தள்ளிச் சீவும் பழைய பொறிகளிற் சில சதுரத் தண்டில் அலகு பூட்டப்பட்டவை. கை வழுக்கின் விரல்களை இழுத்து அறுப்பன. பிரித்தானியாவின் 1922 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் அத்தகைய பொறிகளுக்கு உருளைத் தண்டையே வேண்டின. இத்தகைய பொறியை மலிவு என்று கூறி, தொழில் பழகும் இளைஞனிடம் தள்ளிவிடுபவன் கழிவு கொடுத்தமையால் கடன் தீர்ந்ததெனக் கொள்ளலாகாது. பணத்தாற் குறைக்கத்தக்கது பணத்தின் நட்டமே. விரலின் நட்டம் அக்கணக்கில் அடங்காது.

ஆகவே நியாய விலையைக் காண்பதற்கு ஒரு சோதனை போதுமானது எனலாம். ஒருவர் அறிந்ததை இருவரும் அறிந்திருப்பின், எவருடைய இடுக்கண்ணும் தராசில் வைக்கப்படாதிருப்பின், இவ்விலைக்கு இருவரும் உடன்படுவரா என்பதே அச்சோதனை. தச்சர் 2 இலட்சத்து 90,000 எனக் கூறி, அத்தொகைக்கு எவ்வாறு வந்தார் என்பதையும் அம்மையாருக்கு விளக்குவாராயின், அவர் இழப்பது சில ஆயிரங்களன்று, பெருந்தொகையே. அதனை மறைத்துரைப்பதிற் பயனில்லை. ஆனால் பின்னொரு நாள் அம்மையாரின் மகன் வளர்ந்து, தொழில் கற்று, அந்தப் பொறி அன்று என்ன விலை பெறும் என அறிந்துகொள்ளும்போது, அவன் முன்னே தலைநிமிர்ந்து நிற்கக்கூடிய விலை அதுவொன்றேயாகும்.