அவையறிதலும் வாய்மையும்

வள்ளுவர் வாய்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவையறிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னது அறத்துப்பாலிலும் பின்னது பொருட்பாலிலும் அமைந்துள்ளன. கேட்போரின் இயல்பறிந்து பேசுதல் அரசியலுக்கு இன்றியமையாதது. உள்ளதை உள்ளவாறு உரைத்தல் அறத்துக்கு இன்றியமையாதது. ஒருவரே வெவ்வேறு இயல்புடைய இரண்டு அவைகளின் இசைவை அடுத்தடுத்துப் பெறவேண்டியிருக்குமாயின், இவ்விரண்டும் ஒருங்கே இயலுமா?

இவ்வினாவை ஆராய்வதற்கு ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதித் தேர்தல் தக்கதொரு களமாகும். அங்கு பெருங்கட்சியொன்றின் வேட்பாளராக விரும்புபவர், முதலில் மாநிலந்தோறும் நடைபெறும் முதனிலைத் தேர்தல்களில் வெற்றிபெறல் வேண்டும்; அதன் பின்னரே பொதுத் தேர்தலிற் போட்டியிடலாம். முதனிலைத் தேர்தலில் வாக்களிப்போர் தொகையிற் குறைந்தவர். கட்சிக் கொள்கையிற் பெரும்பாலும் உறுதிமிக்கவர். பொதுத் தேர்தலிலோ கட்சி சாராதோரின் வாக்குகளும் வேண்டப்படும். இதனால், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மிதவாதப் பழைமைவாதிகளின் நிலை இக்கட்டானது. நாட்டுக்கு உவப்பான அவர்தம் இயல்பே கட்சிக்குள் குறையாகக் கொள்ளப்படுகின்றது.

இவ்விக்கட்டை மூவர் மூவகையில் எதிர்கொண்டனர். 1964 இல் நியூயோர்க் ஆளுநர் நெல்சன் றொக்பெல்லர் தம் மிதவாதத்தை மறைத்தாரல்லர். சான் பிரான்சிஸ்கோவிற் கூடிய கட்சி மாநாட்டிலே தீவிரவாதக் குழுக்களைக் கண்டிக்குமாறு அவர் கோரியபோது, எதிர்ப்புக் கூச்சல் அவரது உரையை இடைமறித்தது. கட்சி பரி கோல்ட்வாட்டரைத் தெரிவுசெய்தது. அவர் பொதுத் தேர்தலில் ஆறு மாநிலங்களை மட்டுமே வென்றார்.

2000 ஆம் ஆண்டில் யோன் மக்கெயின் ஒளிவுமறைவற்ற பேச்சையே தம் பரப்புரையின் அடையாளமாகக் கொண்டார். கட்சி சாராதோரையும் கவர்ந்தார். ஆயினும், தென் கரோலினாவின் சட்டமன்றக் கட்டடத்தின் மேற் பறந்த, உள்நாட்டுப் போர்க்காலத் தென்மாநிலங்களின் கொடி பற்றி வினவப்பட்டபோது தடுமாறினார். அக்கொடியை அடிமைமுறையின் சின்னம் என்று முதலிற் கூறியவர், பின்னர் அது மரபுரிமையின் சின்னமென அறிக்கை வாசித்தார். அம்மாநிலத்தில் அவர் தோற்றார். போட்டியிலிருந்து விலகியபின், ஏப்பிரலில் அங்கு மீண்டுஞ் சென்று, உண்மையைக் கூறினால் தோற்கநேரும் என்றஞ்சித் தம் கொள்கையை விட்டுக்கொடுத்ததாக ஒப்புக்கொண்டார்.

மிற் றொம்னி மசாசூசெற்ஸ் ஆளுநராக 2006 இல் மருத்துவக் காப்புறுதியைக் கட்டாயமாக்குஞ் சட்டத்திற் கையொப்பமிட்டவர். அதனையொத்த ஒபாமாவின் சட்டத்தை நீக்குவதாக 2012 இல் வாக்களித்தார். மாநிலத்துக்குப் பொருந்துவது நாடு முழுவதற்கும் பொருந்தாதென விளக்கினார். முதனிலைத் தேர்தல்களை வென்றார். பொதுத் தேர்தலில் தோற்றார். முதனிலை முடிந்ததும் யாவற்றையும் அழித்துப் புதிதாக வரையலாமென, அவரது ஆலோசகர் ஒருவர் பரப்புரையைச் சிறுவரின் விளையாட்டுப் பலகைக்கு ஒப்பிட்டமை பெருங் கண்டனத்துக்குள்ளாயிற்று.

அழுத்தம் வேறு, கருத்து வேறு. ஒரே பாடத்தைச் சிறுவருக்கு ஒருவாறும் முதியோருக்கு வேறொருவாறும் விளக்கும் ஆசிரியர் பொய்யுரைப்பவரல்லர். முதலவையிற் கூறியதை இரண்டாம் அவையிலும் நாணமின்றிக் கூறமுடியுமா என்பதே உரைகல். றொம்னியின் விளக்கம் விவாதத்துக்குரியது. மக்கெயினின் கூற்றோ அவரது வாக்குமூலத்தாலேயே வீழ்ந்தது.

‘நாட்டினர் இவரையே விரும்புவர், ஆதலால் இவரைத் தெரிவுசெய்க’ என மிதவாதிகளுக்காக முன்வைக்கப்படும் வாதமும் சிந்திக்கற்பாலது. இது வாக்காளர் தம் தீர்ப்பை ஒதுக்கிவைத்துப் பிறர் தீர்ப்பை ஊகிக்குமாறு வேண்டுகின்றது. அவ்வூகமும் உறுதியானதன்று. 2008 இல் கட்சியின் வேட்பாளரான மக்கெயின் பொதுத் தேர்தலில் தோற்றார். 2016 இல் பொதுமக்களைக் கவரவல்லவராகக் கருதப்பட்ட யோன் கேசிக் தம் சொந்த மாநிலமான ஒகையோவில் மட்டுமே வென்றார். வெல்லமாட்டார் எனப் பலராலுங் கருதப்பட்ட ட்ரம்ப் சனாதிபதியானார்.

கொள்கைப் பற்றை எதிர்பார்க்குங் கட்சியினரைக் குறைகூறுவதற்கில்லை. மிதவாதமும் தன்னளவில் அறமாகிவிடாது. அதுவும் ஒரு கொள்கையாக இருந்தாற்றான் மதிப்புப் பெறும். அதனை மறைத்து வெல்பவர் கட்சிக்குப் பொய் வாக்குறுதியையும் நாட்டுக்கு ஐயத்தையும் அளிக்கின்றார். எவ்வாறு சொல்வதென்பதை அவையறிதல் தீர்மானிக்கட்டும். எதைச் சொல்வதென்பதை வாய்மையே தீர்மானித்தல் வேண்டும்.