ஏட்டிலும் வேண்டும் நேர்மை!

அமெரிக்கச் சிற்றூர்ச் சமூக வங்கிகள் பலவற்றுக்கு ஒரு தாய் நிறுவனம் உண்டு. வங்கியின் பங்குகள் அதன் கையில். மக்களின் சேமிப்போ வங்கியின் கையில்! உழவரும் கடைக்காரரும் போட்டுவைத்த பணமே கடனாக உலவுகிறது. வாராக் கடனை எப்போது இழப்பென எழுதுவது? அறம் அடங்கிய கேள்வி இது.

இழப்பு நேர்ந்ததற்கு அறிகுறி தெரிந்த பின்னரே என்றது பழைய முறை. 2008 நெருக்கடியில் ஒதுக்கீடு போதவில்லை; காலமும் கடந்துவிட்டது. 2016இல் வகுக்கப்பட்டு, சிறு வங்கிகளுக்கு 2023இல் நடைமுறையான புதுநெறி கூறுகிறது: கடன் கொடுத்ததுமே, அதன் ஆயுள் முழுமைக்கும் எதிர்பார்க்கும் இழப்பை மதிப்பிட்டு ஒதுக்கு!

மதிப்பீடு தவறாதோ என்பர். தவறலாம், தவறிய மதிப்பீட்டைத் திருத்தலாம். மறைத்த உண்மையை எவர் திருத்துவர்? மிகையாக ஒதுக்கி நல்லாண்டின் இலாபத்தைப் பதுக்குவதும் பொய்யே! இழப்பு தலைவிதியன்று, கணக்கிடத்தக்கது. ஊரார் பணத்துக்குப் பொறுப்பேற்றோர், தெரிந்ததை மட்டுமன்று, அஞ்சுவதையும் அறிவிக்க வேண்டும் என்கிறோம் நாம்.