மழலை நமக்கு வேடிக்கையா?

"இருபத்தெட்டு, இருபத்தொன்பது" என்று உற்சாகமாக எண்ணி வந்த பிள்ளை, அடுத்ததாக "இருபத்துப் பத்து" என்கிறது. வீடே சிரிக்கிறது. பெற்றோரே, சற்று யோசியுங்கள். அந்தச் சொல்லைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்? ஒருவருமில்லை. கேட்டதை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளியாக இருந்தால் அச்சொல் பிறந்தேயிராது. எண்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டென்று பிள்ளை தானே கண்டு, அதற்குக் கீழ்ப்படிந்திருக்கிறது. எழுபது, எண்பது என்று ஏறிவந்து தொண்ணூறில் தடுமாறுவதும் இதனால்தான். அங்கே ஒழுங்கை மீறியது மொழியேயன்றிப் பிள்ளையல்ல.

இரத்தோட்டைப் பிள்ளைகளின் காதில் இரு மொழிகள் விழுகின்றன. லயத்திலே தமிழ், கடைவீதியிலே சிங்களமும். "ஒன்று, இரண்டு, துன" என்று ஒரு பிள்ளை மிளகு மணிகளை எண்ணினால், அதில் கணக்குப் பிழை இல்லை. மூன்று மணிக்கு மூன்று சொல் சரியாகவே வந்திருக்கிறது. மொழிகளுக்கிடையே பெரியவர்கள் போட்ட வேலிதான் அதற்கு இன்னும் தெரியவில்லை.

புனித அகுஸ்தீனார், ஏறத்தாழ கி.பி. 400இல், தம் வாழ்வை இறைவன்முன் அறிக்கையிட்டு ஒரு நூல் எழுதினார். பெரியவர்கள் ஒரு பொருளைப் பெயர் சொல்லி அதன் பக்கம் திரும்புவதைக் கவனித்தே தாம் பேசக் கற்றதாக அதில் கூறுகிறார். அத்துடன், பள்ளியில் தாம் அடிபட்டபோது பெற்றோர்கூடச் சிரித்ததையும் குறிப்பிடுகிறார். ஆயராகி, நாற்பது வயதைக் கடந்த பின்பும் அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை!

அப்படியானால் மழலையைக் கேட்டுச் சிரிப்பது பாவமா? இல்லை. அன்பின் சிரிப்பு பிள்ளைக்கும் தெரியும். அதுவும் கூடச் சிரிக்கும். ஆனால் விருந்தினர் முன்னே நிறுத்தி, "அதைச் சொல்லு, இன்னொரு தடவை சொல்லு" என்று பிழையை அரங்கேற்றும்போது, தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதையே பிள்ளை கற்கிறது. பிறகு அது வாய் திறக்கத் தயங்கினால் குற்றம் யாருடையது?

பகலெல்லாம் பிள்ளைக் காம்பராவில் இருந்த குழந்தை, மாலையில் தாயைக் கண்டதும் சொற்களைக் கொட்டுகிறது. கொழுந்து பறித்த கைகள் களைத்திருக்கலாம். ஆயினும், "ஆமாம் ராசா, அடுத்தது முப்பது" என்று கனிவாகச் சொன்னால் போதும். பிழையும் திருந்தும், பிள்ளையின் மானமும் நிலைக்கும்.

நம் ஆண்டவர் ஒரு சிறுபிள்ளையை அழைத்துச் சீடர்கள் நடுவே நிறுத்தினார். அவர்கள் சிரிப்பதற்காகவன்று, கற்றுக்கொள்வதற்காக. நம் வீட்டின் நடுவிலும் ஒரு பிள்ளை நிற்கிறது. அதை நாம் எதற்காக நிறுத்தியிருக்கிறோம்?