கேட்டால் என்ன சொல்வோம்?

கிறிஸ்தவன் என்பவன் யார்? ஞாயிறு தோறும் பூசைக்குப் போகிறவன், வீட்டுச் சுவரில் திரு இருதயப் படம் மாட்டியிருப்பவன், பிள்ளைக்குப் புனிதர் ஒருவரின் பெயரை வைப்பவன் என்று பலரும் விடை சொல்வர். இவையெல்லாம் நல்லவையே. ஆயினும் இவை நம்மைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்கள் மட்டுமே. நாம் எதற்காக இருக்கிறோம் என்பதை இவை சொல்வதில்லை. ஒரு விளக்கைப் பிற விளக்குகளிலிருந்து பிரித்தறிய அதன் வடிவம் போதும். அது எதற்கு உதவும் என்று அறிய அதை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

ஊவா மலைகளில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களையும் கொண்ட நம் மறைமாவட்டத்தில் கத்தோலிக்கர் சிறு தொகையினர். சில தோட்டங்களில் நாலைந்து குடும்பங்களே நம்மவர். அடுத்த காம்பராவில் இந்துக் குடும்பம். தோட்ட எல்லைக்கு அப்பால் சிங்களப் பௌத்தக் கிராமம். கடைத்தெருவில் முஸ்லிம் அன்பர்கள். இவர்கள் நடுவே விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி திருச்சபை நமக்குச் சொல்வதன் பொருள் என்ன? அயலாரை மதம் மாற்று என்பதா? அல்லது வாயை மூடிக்கொண்டு நல்லவனாய் இரு என்பதா?

எண்ணப்பட்ட மக்கள்

நம் முன்னோர் திருச்சி, மதுரை, சேலம், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிமாரின் பின்னால் வந்தவர்கள். அவர்களுள் கத்தோலிக்கராய் இருந்தோர் தங்கள் விசுவாசத்தையும் மூட்டை முடிச்சோடு சுமந்து வந்தனர். குருவானவரை எப்போதாவது மட்டுமே காண முடிந்த தோட்டங்களில் உபதேசியாரும் தாய்மாருமே அதைக் காத்தனர்.

இதே மக்களை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964இல் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எஞ்சியிருந்த நாடற்றவருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

மனிதரைத் தலைக்கணக்காகப் பார்ப்பது எத்தகைய காயம் என்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அப்படியிருக்க, பக்கத்து லயத்தில் இருப்பவரை, நம் தொகையில் ஒன்று கூடுமா என்ற நோக்கோடு நாமே பார்க்கலாமா? நல்லாயன் ஆடுகளை எண்ணிக்கையால் அல்ல, பெயரால் அழைக்கிறார். விசுவாசத்தைப் பகிர்வோர் முதலில் கற்கவேண்டிய பாடம் இது.

இரை வைத்த தூண்டில்

நம் நாட்டு அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை தாம் விரும்பும் மதத்தை ஏற்கும் சுதந்திரத்தை எவருக்கும் அளிக்கிறது. ஆனால் திருச்சிலுவைக் கன்னியர் சபை ஒன்றைக் கூட்டிணைக்கும் மசோதா பற்றி 2003இல் தீர்மானித்த உயர் நீதிமன்றம், மதத்தைப் பரப்புவது அரசியலமைப்பு உறுதிசெய்யும் உரிமையன்று என்றது. 2005இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு இதற்கு மாறாக, அக்கன்னியரின் மதச் சுதந்திரம் மீறப்பட்டதாகக் கண்டது. கட்டாய மதமாற்றத்தைத் தடுக்கவென்று 2004இல் ஒரு மசோதாவும் பாராளுமன்றத்துக்கு வந்தது, அது சட்டமாகவில்லை.

இவற்றை நமக்கு எதிரான பகைமை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிடலாகாது. ஏழையின் பசியைப் பயன்படுத்தி அவன் மனச்சாட்சியை விலைக்கு வாங்குவார்களோ என்ற அச்சம் அவற்றின் பின்னால் இருக்கிறது. அந்த அச்சத்துக்கு நாம் இடம் கொடுக்கக் கூடாது. நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு ஒரு மூட்டை அரிசி பெரிய காரியம். அதை நீட்டுகிற கை எதையும் எதிர்பார்த்தால், அது தானமன்று, தூண்டில்.

உதவி உண்மையானதா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. உதவி பெறுபவர் கடைசி வரை நம் கோயில் வாசலை மிதிக்கவே போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்தாலும் நாம் அதே உதவியைச் செய்வோமா? 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது, மண் எவருடைய மதத்தையும் கேட்கவில்லை. உதவுகிறவன் அதைக் கேட்பானாகில் அவன் எத்தகைய கிறிஸ்தவன்?

இதற்கு நமக்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் விரட்டப்பட்டிருந்த காலத்தில், 1687இல் பிச்சைக்காரக் கோலத்தில் இலங்கைக்கு வந்தவர் புனித யோசவ்வாஸ் அடிகள். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, மக்கள் தம் சொந்த நோயாளரையே கைவிட்டு ஓடியபோது அவர் அங்கேயே தங்கினார். கத்தோலிக்கர், பௌத்தர் என்று பாராமல் நோயாளரைப் பேணினார். இறந்தோரை அடக்கம் செய்தார். 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

நம் மறைமாவட்டத்தின் தொடக்கமும் இதே பாடத்தைத் தருகிறது. 1972 டிசம்பரில் கண்டியிலிருந்து பதுளை பிரிக்கப்பட்டபோது, கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, பெரிய மறைமாவட்டத்தை விட்டு, வசதி குறைந்த ஊவாவுக்கு வந்தார். பண்டாரவளையில் 'சேவக்க செவன' என்னும் பயிற்சி இல்லத்தை நிறுவினார். 1982இல் மறையும்வரை எளிய மக்களின் ஆயராகவே வாழ்ந்தார். நம் தொகையைப் பெருக்குவதே நோக்கமாயிருந்தால் யாரும் இந்த வழியைத் தேர்ந்திருக்க மாட்டார்.

மௌனமும் மறைப்பே

ஆகவே வாயைத் திறக்காதிருப்பதே மேல் என்று சிலர் முடிவு செய்யக்கூடும். அதுவும் சரியன்று. நம் வீட்டுப் பெண் ஒருத்தி, கொழுந்தெடுத்துக் களைத்து வந்த பின்னும், பக்கத்து வீட்டு நோயாளியின் அருகே இரவெல்லாம் விழித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "உனக்கு ஏனம்மா இந்தச் சிரமம்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். "சும்மாதான்" என்று அவள் மழுப்பினால், தன்னிடம் உள்ள மேலான ஒன்றை மறைத்துவிடுகிறாள். "என் ஆண்டவர் என்னை இப்படித்தான் நேசித்தார்" என்று அவள் சொன்னால், அதில் தூண்டில் ஏதுமில்லை. கேட்டவருக்கு உரிய உண்மையான பதில் அது.

இங்கே நாம் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. அந்தப் பதிலைச் சொல்லும் கணத்தில்தான் அவளும் தன்னை அறிகிறாள். அதுவரை பழக்கமாயிருந்தது அப்போது விசுவாசமாகிறது. கிணற்றடியில் ஆண்டவரைச் சந்தித்த சமாரியப் பெண் மறைநூல் அறிஞரல்லள். நம் பெண்கள் பீலிக்கரைக்குப் போவது போல் தண்ணீருக்கு வந்தவள். குடத்தைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடித் தான் கண்டதைச் சொன்னாள். ஒதுங்கி வாழ்ந்த அவள், சொல்லச் சொல்ல ஒரு சாட்சியானாள். பகிர்வதனால் விசுவாசம் குறைவதில்லை. பகிராத விசுவாசமே நாளடைவில் வெறும் பெயராகித் தேய்கிறது.

பகிர்தல் ஒருவழிப் பாதையுமன்று. நூற்றுவர் தலைவனிடமும் கானானியப் பெண்ணிடமும் பெரும் விசுவாசத்தைக் கண்டு நம் ஆண்டவரே பாராட்டினார். பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் போதித்தது. அயலார் தம் நம்பிக்கையைச் சொல்லும்போது மரியாதையோடு செவிகொடுக்கத் தெரியாதவன், தன் விசுவாசத்தைச் சொல்லும் தகுதியையும் இழக்கிறான்.

பெற்றோரே, பிள்ளைகளுக்குச் செபங்களை மனப்பாடமாகக் கற்பிக்கிறோம். அது தேவையே. அதோடு, இரவுச் செபமாலை முடிந்த பின், "நீ ஏன் கிறிஸ்தவன் என்று உன் கூட்டாளி கேட்டால் என்ன சொல்வாய்?" என்றும் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். பிள்ளை திகைக்கலாம். பிறகு அதே கேள்வியை உங்களிடமே திருப்பிக் கேட்கும். அப்போது சொல்வதற்கு நம்மிடம் ஒரு பதில் இருக்கட்டும். அது நம் வாழ்க்கையிலும் தெரியட்டும்.