பில்டரில் தங்கியது

மேட்டூரில் ஜூன் 12 திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்த வாரம். ஊரே சேற்றில் நிற்கிறது. நாற்று முற்றிக்கொண்டிருக்கிறது, நடவுக்கு ஆட்கள் நாளை மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அன்று பார்த்து எங்கள் மினி டிராக்டர் மூச்சு வாங்கியது.

கொட்டகையில் நிற்கும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. சாவியைத் திருப்பினால் கிளம்பும், சும்மா ஓடவிட்டால் தாளம் தப்பாது. வயலில் இறக்கி ரொட்டவேட்டரைச் சேற்றில் பதித்து அரை ஏக்கர் போவதற்குள் சத்தம் கம்மும், திக்கும், அணைந்துவிடும். பத்து நிமிடம் விட்டுக் கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். பாதி அடைத்த டீசல் பில்டரின் குணம் இது. சும்மா ஓடும் இன்ஜினுக்குக் கொஞ்சம் டீசல் போதும். அந்தக் கொஞ்சத்தை எப்படியோ கசியவிட்டுவிடும். பாரம் ஏறும்போதுதான் பற்றாக்குறை தெரியும். நிறுத்தினால் இழுப்பு தளர்ந்து, தாளில் ஒட்டிய அழுக்கு கொஞ்சம் உதிர்ந்து வழிவிடும். அதை வைத்து இன்னும் கால் ஏக்கர்.

டேங்க் மூடியை முதலில் சந்தேகப்படு என்பார்கள் அனுபவப்பட்டவர்கள். மூடியில் ஊசித்துளை ஒன்று உண்டு. அது அடைத்தால், டீசல் இறங்க இறங்க உள்ளே காற்று வராது, டேங்க் டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும். அறிகுறி அச்சு அசல் இதேதான். திறந்து பார்த்தேன், உஸ்ஸென்ற சத்தம் இல்லை. பில்டருக்குள் போகும் குழாயைக் கழற்றிக் கைப்பம்பை அடித்தால் தாராளமாகக் கொட்டியது. பில்டரைத் தாண்டிய பக்கம் சொட்டுச் சொட்டாக.

டிரைவர் பையன் ஸ்க்ரூடிரைவரோடு வந்தான். "தாள்ல ரெண்டு ஓட்டை போட்டுடலாம்ணே. நடவு முடியட்டும், அப்புறம் புதுசு மாத்திக்கலாம்." புது யோசனை இல்லை. பக்கத்து ஊரில் ஒருவர் செய்திருக்கிறார். வண்டி புதுசுபோலப் பாய்ந்ததாம், கொஞ்ச நாளைக்கு.

அப்புறம் போனது பம்பு. இன்ஜெக்ஷன் பம்புக்குள் உருளைக்கும் அதில் ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் நடுவே இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். அந்த நெருக்கத்தை நம்பித்தான் 200 பார் அளவுக்கு அழுத்தம் ஏறி, நாசில் வழியே டீசல் பனிப்புகைபோலப் பீச்சுகிறது. அந்த இடுக்குக்கு மசகும் டீசல்தான், வேறு எண்ணெய் கிடையாது. அதில் மண்தூள் கலந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த கதை. வேடிக்கை என்னவென்றால், ருடால்ஃப் டீசல் 1892இல் காப்புரிமைக்கு எழுதியபோது நிலக்கரித் தூளையும் எரிபொருளாக நினைத்திருந்தார். தூளைத் தின்று வாழும் என்று கனவு கண்ட இன்ஜின், கண்ணுக்குத் தெரியாத தூளுக்கு உயிரை விடுகிறது.

ஓட்டை போடவில்லை. டவுனுக்குப் போய்ப் புது பில்டர் வாங்கிவர அரை நாள் போயிற்று. பழையதை எறிய மனம் வராது எனக்கு. கத்தியால் கீறி மடிப்புத் தாளை மடியில் விரித்தேன். துருச் செதில்கள். மோட்டார் கொட்டகை ஓரத்தில் நான் மூடாமல் வைக்கும் கேனின் மண். நான் வடிகட்டிய கிழிந்த வேட்டியின் நூல். இவற்றுக்கு மேல் வழவழவென்று கரும்பழுப்புச் சளி. இந்தச் சளி பலருக்குப் புரியாது. பாதி காலியான டேங்கில் ராத்திரிக் குளிரில் ஈரக்காற்று வேர்த்துத் தண்ணீராகி அடியில் இறங்கும். தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில் ஒருவகைப் பூஞ்சை குடியேறி, டீசலைத் தின்று வளரும். அதனால்தான் வேலை முடிந்த சாயங்காலமே டேங்கை நிரப்பி வைக்கச் சொல்வது. அண்ணன் அப்படி நிரப்புகிறவர். நான் காலையில் தேவைக்கு ஊற்றுகிறவன்.

இங்கே அண்ணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாகம் பிரிந்தபோது நிலத்தைப் பிரித்தோம், டிராக்டரைப் பிரிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அண்ணனும் நானும் பேசி ஏழு வருடம். வண்டி பொது, கொட்டகை பொது, பேச்சுக்கு அண்ணி பொது. "தம்பி, டீசலை நல்லா வடிகட்டி ஊத்தினா தேவலைன்னு உங்க அண்ணன் சொன்னாரு" என்பார். அண்ணன் சொன்னது அதுவல்ல என்று சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டிருக்கும். அதில் என் பிறப்பையும் இழுத்திருப்பார், அவருக்கும் எனக்கும் ஒரே பிறப்பு என்பது மறந்து. என் பதிலும் அதே தரம்தான். அது அந்தப் பக்கம் "சரின்னுட்டாரு" என்று போய்ச் சேரும்.

போன தை மாதம் அண்ணி நின்றுபோனார். "இனிமே நீங்களே பேசிக்குங்க தம்பி, என்னால ஆகல." அவ்வளவுதான். அண்ணிக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. இத்தனை நாள் நன்றாகத்தானே போயிற்று, இப்போது என்ன வந்தது என்று நானும் கேட்டேன். அதன்பிறகு யாருக்கு என்றைக்கு வண்டி என்பதைக் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டோம்.

அந்தத் தாளை மடியில் வைத்திருந்தபோதுதான் உறைத்தது. பில்டர் அழுக்கை இல்லாமல் ஆக்குவதில்லை, தன்னிடம் வைத்துக்கொள்கிறது. கேனில் நான் விட்ட மண் எங்கேயும் போய்விடவில்லை, அத்தனையும் இந்த மடிப்புகளில் இருக்கிறது. அந்தப் பக்கம் தெளிவாக வருவதைப் பார்த்து, நாம் ஊற்றியதே தெளிவுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். அடைத்துக்கொண்ட அன்றைக்குத் திட்டுகிறோம். ஓட்டை விழுந்த பில்டர் லேசில் அடைக்காது. ஏழு வருடமாக நான் கேட்டது அண்ணி வடித்துக் கொடுத்த அண்ணனை. அந்த அண்ணனை எனக்குக் கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது. மிச்சம் எங்கே தங்கியது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

புது பில்டரை மாட்டியதும் வேலை முடிந்துவிடாது. குழாயில் காற்று நிற்கும். டீசலைப்போல இல்லை, காற்று அமுக்கினால் அமுங்கிக்கொடுக்கும், நாசில் திறக்காது. ஏர் எடுக்க இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கைப்பம்பை அடிக்க, ஒருவர் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பார்க்க. டிரைவர் பையன் நாற்றுக்கட்டு தூக்கப் போய்விட்டான். நான் ஸ்பானரோடு குனிந்திருந்தேன். பின்னால் செருப்புச் சத்தம். வண்டியின் அந்தப் பக்கம் போய் நின்றது. கைப்பம்பு டக் டக்கென்று அமுங்கத் தொடங்கியது. நான் நிமிரவில்லை.

"வருதா?" என்றார் அண்ணன்.

"நுரைதான் வருது."

"மூடிடாத. இன்னும் அடிக்கிறேன்."