விளைச்சலும் வயலும்

2023 நவம்பரில் வரவு செலவுத் திட்டத்தை வாசித்த அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க, இலங்கை வங்கியிலும் மக்கள் வங்கியிலும் 20 வீதப் பங்குகளை முதலீட்டாளருக்கோ பொதுமக்களுக்கோ வழங்கலாம் என்று முன்மொழிந்தார். வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த 450 பில்லியன் ரூபாவும் அதே திட்டத்தில் ஒதுக்கப்பட்டது. மக்கள் பணத்தை ஊட்டி வங்கிகளைத் தேற்றி, விற்கும்வரை பங்கிலாபத்தைக் கறந்து, பிறகு கைமாற்றுவது என்பதுதான் இதன் உள்கணக்கு. 2024 செப்டெம்பரில் ஆட்சி மாறியது. ஆனாலும் கடன் நெருக்கினால் விற்கும் யோசனை மறுபடி தலைகாட்டும். ஆகவே இப்போதே சொல்லிவிடலாம்: இது அறமன்று.

அரச வங்கிப் பங்குகளின் சொந்தக்காரர் அமைச்சரவை அல்ல. திருகோணமலைப் பாலையூற்றில் தாலிக்கொடியை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க அனுப்பிய தாய் மாதாமாதம் கட்டும் வட்டியும் அந்த வங்கிகளின் இலாபத்தில் சேர்கிறது. திறைசேரி வெறும் பொறுப்பாளி. வயலைப் பார்க்கச் சொல்லி ஒப்படைக்கப்பட்டவர் விளைச்சலில் பங்கெடுக்கலாம். வயலை எழுதிக்கொடுக்க அவருக்கு உரிமை ஏது?

பெரியோர் இதை என்றோ தீர்த்துவிட்டார்கள். வரப்போகும் ஆக்கத்தை நம்பிக் கையிலுள்ள முதலைத் தொலைக்கும் காரியத்தில் அறிவுடையோர் இறங்கமாட்டார்கள் என்கிறது திருக்குறளின் தெரிந்துசெயல்வகை. இறைமாட்சி அதிகாரத்தில் அரசுக்குச் சொல்லப்பட்ட வேலைகள் நான்கு: பொருள் வரும் வழியை உண்டாக்குவது, சேர்ப்பது, காப்பது, பகிர்வது. விற்பது அந்த வரிசையில் இல்லை. புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்னதும் இதுதான்: சிறு வயலின் நெல்லையும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் காணும், யானையே வயலுக்குள் இறங்கினால் தின்பதைவிட மிதிபடுவது அதிகம். அளந்து எடுக்கும் பங்கிலாபம் கவளம். விற்பனைக்கு முந்திய அவசரக் கறவை, யானை வயலில் இறங்குவது.

பங்கிலாபம் பிரித்தால் பங்கின் விலை ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கும். சந்தைக்கு இது தெரிந்த சங்கதி. விற்கும் விலையைக் குறைத்து வாங்கிய அந்தக் காசைத் தனி வருமானமாகக் காட்டுவது கண்கட்டு வித்தை. அதைவிடப் பெரிய பாவம், ஒதுக்கத்தில் கிடக்க வேண்டிய இலாபத்தை வழித்தெடுப்பது. கடன்கள் அறவிட முடியாமற் போகும் நாளில் வைப்பாளரைக் காக்கும் அணை அந்த மூலதனம்தான். அணை மெலிந்தால், நிரப்புவது மறுபடியும் வரி கட்டுபவர். 2008 நெருக்கடியில் றோயல் பாங்க் ஒஃப் ஸ்கொட்லாந்தைக் காப்பாற்றப் பிரித்தானிய அரசு 45.5 பில்லியன் பவுண் போட்டது. 2025 மே மாதம் கடைசிப் பங்கும் கைமாறியபோது, பங்கிலாபமும் விற்ற காசும் எல்லாம் சேர்த்தும் சுமார் 10 பில்லியன் திரும்பவில்லை.

எதிர்த்தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. மேலிடத்துச் சொல்லுக்குப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்குக் கடன் அள்ளிக்கொடுத்த வங்கிகள், வெளிப் பங்காளரின் கண் பட்டால் ஒழுங்காகும் என்பார்கள். ஆகலாம். ஆனால் காவற்காரன் களவெடுத்தால் காவற்காரனை மாற்றுவார்களா, வீட்டை விற்பார்களா?

விற்றதை மீட்பது இலேசல்ல. 2003 இல் தனியாருக்குப் போன இலங்கைக் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தின் விற்பனை செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2009 இல். திருகோணமலையாருக்கு வழக்குப் புத்தகமும் தேவையில்லை, சீனக்குடாப் பக்கம் பார்த்தாலே போதும். அங்குள்ள பிரித்தானியர் காலத்து 99 எண்ணெய்த் தாங்கிகள் 2003 ஒப்பந்தத்தின் பேரில், இந்திய எண்ணெய்க் கம்பனியின் துணை நிறுவனமான லங்கா ஐஓசியின் பொறுப்புக்குப் போயின. 2022 சனவரியில் வந்த புதிய ஏற்பாட்டில் 14 அந்த நிறுவனத்துக்கு, 61 கூட்டுக் கம்பனிக்கு. அந்தக் கம்பனியிலும் 49 வீதம் ஐஓசிக்கே. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கென்று தனியாகக் கிடைத்தவை 24. அதற்கே 19 வருடம் பிடித்தது.