விற்றதும் விலைபோனதும்

பொருள் விற்றுப்போவது வேறு, மனிதன் விலைபோவது வேறு. கடைத்தெருவில் இந்த வேறுபாடு எல்லோருக்கும் தெரியும். கலைஞன் விஷயத்தில் மட்டும் நாம் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசிவிடுகிறோம்.

சிவகிரியில் கிதாரும் டிரம்ஸும் வைத்து ராக் இசைக்குழு நடத்தும் இளைஞர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, எங்க முதல் ஆல்பம் நல்லா வித்துருச்சுன்னா, நாங்க வெலபோயிட்டோம்னுதான சொல்லுவாக?"

ஆல்பம் இன்னும் வெளிவரவே இல்லை. அதற்குள் இந்தக் கவலை! ஆனாலும் கேள்வி நியாயமானது.

பீட்டில்ஸ் குழுவின் முதல் ஆல்பமான 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' 1963 மார்ச்சில் வெளிவந்தது. இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் 30 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதிலுள்ள 14 பாடல்களில் 10 பாடல்களை அந்த ஆண்டு பிப்ரவரி 11ஆம் தேதி ஒரே நாளில் பதிவு செய்தார்கள். கடைசிப் பாட்டைப் பாடும்போது ஜான் லென்னனுக்குத் தொண்டை ஏறக்குறைய கிழிந்துவிட்டது. ஒரே நாளில் எப்படி முடிந்தது? ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து விடுதிகளில் அற்பக் கூலிக்கு இரவிரவாகப் பாடிப் பழகியவர்கள் அவர்கள். பாட்டு முன்னால் வந்தது. பணம் பின்னால் வந்தது.

அப்படியானால் முதலிலேயே கூலி பேசிப் பாடியது எல்லாம் மட்டமா? அதுவும் இல்லை. சிவகிரிக்குக் கிழக்கே, அதிகத் தொலைவில்லாத சென்னிகுளத்தில் 19ஆம் நூற்றாண்டில் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்தவர். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது பிறந்தவைதாம் அவருடைய காவடிச் சிந்துகள். ஆதரித்தவர் ஜமீன்தார்தான், ஆனால் அந்தச் சந்தங்களில் கேட்பது காவடி தூக்கி நடப்பவனின் காலடி. முப்பது வயதைக் காணாமலே ரெட்டியார் மறைந்தார். அவர் பாட்டை இன்றும் பாடுகிறார்கள்.

ஆகவே பணம் கொடுத்தது யார், எவ்வளவு கொடுத்தார் என்பதை வைத்துக் கலைஞனை எடைபோட முடியாது. பாட்டுக் கட்டும் வேளையில் அவன் காதில் விழுந்தது எது என்பதே கேள்வி. முதல் ஆல்பத்தில் அந்தக் கேள்விக்கு அதிக வேலை இல்லை. விலை இன்னதென்று அப்போது அவனுக்கே தெரியாது. சோதனை அதற்குப் பிறகுதான். "போன தடவை விற்ற மாதிரியே ஒன்று கொடு" என்று வியாபாரி கேட்பான். கேட்பவன் வியாபாரி மட்டும்தானா? நாமும்தான் கேட்கிறோம். பழைய பாட்டுக்குக் கைதட்டிவிட்டுப் புதிய பாட்டின்போது எழுந்து போகிறவர்கள் நாம். பிறகு, "பாவம், விலைபோய்விட்டான்" என்று அனுதாபப்படுகிறவர்களும் நாமே.

பீட்டில்ஸ் அந்தச் சோதனைக்கு ஒரு வழி கண்டார்கள். 1966இல் மேடைக் கச்சேரிப் பயணங்களையே நிறுத்தினார்கள். 1967இல் வந்த 'சார்ஜன்ட் பெப்பர்' ஆல்பத்துக்குப் பல மாதங்கள் உழைத்தார்கள். அது பழையதைப் போல இல்லை. ஆனாலும் அமோகமாக விற்றது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. புதியது விற்காமலும் போகலாம். அந்த நஷ்டத்தைத் தாங்கத் துணிவு இருந்தால், முதல் ஆல்பம் லட்சக்கணக்கில் விற்பதைப் பற்றிச் சிவகிரி இளைஞர் வெட்கப்பட வேண்டியதில்லை.